ஒரு குச்சி குறைவு

“ஞாயித்துக்கிழமை அதுவுமா சட்னி இல்லாம பொடியை வச்சு இட்லியைப் போடறே, என்னைக்காவது இந்த வீட்ல எதையாவது முழுசா முடிச்சிருக்கியா ஜெசி நீ?” இதேதான் சொன்னார், இதே வரிசையில், ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. காலை ஏழரைக்குச் சொன்னது. இப்போது மணி பன்னிரண்டு. பரீட்சை ஹாலில் ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதையே மென்றுகொண்டிருக்கிறேன், எதிரே பதினெட்டாவது கேள்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் அந்த ‘என்னைக்காவது’. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து காலை, மொத்தம் பத்தாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து காலைகள். லீப் வருஷத்தை விட்டுவிட்டேன், அது என் பெருந்தன்மை. அத்தனை காலையில் ஒரே ஒரு காலையைப் பொறுக்கி எடுத்து, அதை வைத்து என் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதுகிறார் மனிதர். சாம்பிள் சைஸ் ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம், பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது, ஆகவே பெனடிக்ட் அவர்களே, உங்கள் குற்றச்சாட்டுக்கு வேரியன்ஸ் கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன். அதையும் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். நல்ல பதில்களெல்லாம் எனக்கு எப்போதுமே நாலு மணி நேரம் கழித்துத்தான் வருகின்றன, பரீட்சையிலும் அப்படித்தான், அதனால்தான் மூன்றாவது தடவையாக இதே புள்ளியியல் தாளுக்கு இந்தப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். யாரோ ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குச் செய்த பெஞ்சு. டெஸ்க்கில் காம்பஸ் முனையால் ஒரு இதயம் செதுக்கி வைத்திருக்கிறது, அதன் மேல் ஆன்சர் ஷீட்டை வைத்தால் சரியாக என் ஸ்டாண்டர்ட் எரர் போகிற இடத்தில் பேனா பள்ளத்தில் இறங்குகிறது.

பதினெட்டாவது கேள்வி. ஒரு தீப்பெட்டிக் கம்பெனி, பெட்டிக்குச் சராசரி ஐம்பது குச்சி என்று சொல்கிறது. பத்துப் பெட்டி பிரித்து எண்ணினார்கள். 48, 50, 47, 51, 49, 50, 47, 51, 49, 48. இங்கிலீஷில் ஒரு தடவை, அதற்குக் கீழே தமிழில் ஒரு தடவை. நான் தமிழைப் படிக்கவில்லை. கான்வென்டில் படித்த திமிர், வேறென்ன. இங்கிலீஷை மட்டும், அதையும் கண்ணால் வழித்துப் படித்துவிட்டு, ஆஹா டி டெஸ்ட், மனப்பாடம் என்று பாய்ந்து போட்டுவிட்டேன். கூட்டினால் நானூற்றுத் தொண்ணூறு, சராசரி நாற்பத்தொன்பது, பெட்டிக்கு ஒரு குச்சி குறைகிறது. விலகல்களின் வர்க்கம் கூட்டினால் இருபது, ஒன்பதால் வகுத்து, வேர் எடுத்து, பத்தின் வேரால் வகுத்து, கடைசியில் மைனஸ் 2.12. ஒன்பதால்தான் வகுக்க வேண்டும், பத்தால் இல்லை. இதற்குப் பெயர் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம். பத்து எண்கள் இருந்தாலும் சராசரி இதுதான் என்று நிச்சயமாகிவிட்ட பிறகு ஒன்பது எண்கள் தங்கள் இஷ்டத்துக்கு இருக்கலாம், பத்தாவது எண்ணுக்கு மட்டும் இஷ்டமே கிடையாது, மற்ற ஒன்பதும் போட்ட ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற எண்ணாக அது இருந்தே ஆகவேண்டும். பாடப் புத்தகத்தில் இதை அரைப் பக்கம் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள், நான் முதல் வரியிலேயே புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இவர் ஷிஃப்ட் மாற்றலாம், மகள் ஷெரின் பெங்களூருக்குப் போய் வேலை பார்க்கலாம், இவர் தம்பி குடும்பத்தோடு முன்னறிவிப்பில்லாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நிற்கலாம். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சராசரியைச் சரிக்கட்டுகிற அந்தப் பத்தாவது எண் யார் என்று சொல்லத் தேவையில்லை. அடுப்பைப் பார்த்து நிற்கிறது அது.

“ஆன்ட்டி, தலையைக் குனிஞ்சு எழுதுங்க, டைம் போயிட்டிருக்கு.” சூப்பர்வைசர் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ஹாலில் முப்பது பேர் இருக்கிறார்கள், பி.பி.ஏ. பாதி, தமிழ் இலக்கியம் பாதி, நடுவில் ஆறே ஆறு புள்ளியியல். முப்பது பேரில் நான் ஒருத்திதான் ஆன்ட்டி. முன் வரிசைப் பச்சைச் சட்டைக்காரருக்கு என்னைவிட நாலு வயது கூடுதலாக இருக்கும், அவர் ‘சார்’. வாசலில் வாட்ச்மேன் இன்னும் மோசம். “பேரண்ட்ஸெல்லாம் வெளியில மரத்தடியில வெயிட் பண்ணணும்மா.” ஹால் டிக்கெட்டை நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மகளுக்காம்மா?” “எனக்குத்தான்.” “என்ன பாடம்?” “புள்ளியியல்.” “டீச்சரா இருக்கீங்களா?” “இல்லை, வீட்லதான் இருக்கேன்.” “அப்புறம் எதுக்கும்மா?” அந்த ‘அப்புறம் எதுக்கும்மா’ கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணத்தில் கேட்டிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக உள்ளே வந்திருப்பேன். அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் ஒரே வரியில் சொல்லத் தெரியவில்லை. ஷெரினிடமும் சொல்லத் தெரியவில்லை. அவள் ஆபீசில் டேட்டா சயின்டிஸ்ட், போனில் சிரிக்கிறாள். “டி டெஸ்ட்டாம்மா? அது ஒரு லைன் கோடும்மா. டேபிளைப் புரட்டி யாரும்மா இப்ப நம்பர் பார்க்கறாங்க?” “அப்படியா, ரசத்தையும் ஒரு லைன்ல வச்சுக்கோ, என்கிட்ட புளி எவ்வளவுன்னு கேட்காதே” என்றேன். பெற்ற மகளிடம் இப்படியா பேசுவது என்று இவர் பக்கத்திலிருந்து. இவருக்கு நான் பேசுவது மட்டும் பக்கத்து அறையிலிருந்துகூடக் கேட்கும். “தண்ணி மோட்டாரை நிறுத்துங்க” என்றால் மட்டும் கேட்காது.

எதையாவது முழுசா முடிச்சிருக்கியா. சட்னியில் ஆரம்பித்து எப்படி அங்கே போய் இறங்கினார் பாருங்கள். எங்கே வலிக்கும் என்று இருபத்தொன்பது வருஷத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறார். முடிக்கவிட்டது யார்? கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடிகிற நேரம், பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அப்பாவுக்கு மாப்பிள்ளையின் ரயில்வே வேலை பிடித்துவிட்டது. “கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம்னு அவங்களே சொல்றாங்க ஜெசி.” சொன்னார்கள்தான். யாரும் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் என்பது எவ்வளவு அப்புறம் என்று மட்டும் சொல்லவில்லை. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள், எங்களில் எல்லாருக்கும் வாசிப்பதுதான். இன்னார் மகன் பெனடிக்ட், இன்னார் மகள் ஜெசிந்தா, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். முதல் ஞாயிறு வாசித்தபோது நான் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் முக்காட்டுக்குள் உட்கார்ந்து, தடை எனக்குத் தெரியும் சாமி, பிராபபிலிட்டி பிராக்டிகல் புதன்கிழமை, மூன்றாம் வருஷத்துத் தாள்கள் ஆறு பாக்கி என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டாம் ஞாயிறு சொன்னேன். மூன்றாம் ஞாயிறு சொல்லவில்லை, புடவை அகலம் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுந்து நிற்கவில்லை, ஆகவே தடை இல்லை என்று முடிவு. இப்போது படித்த பிறகுதான் தெரிகிறது, அது எவ்வளவு பெரிய தப்பு என்று. தடைக்குச் சாட்சி கிடைக்கவில்லை என்பது ஒன்று, தடையே இல்லை என்பது இன்னொன்று. நல் ஹைபாதிசிஸை, அதாவது ‘வித்தியாசம் ஒன்றும் இல்லை’ என்கிற எடுகோளை, நிராகரிக்க முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும், ஏற்றுக்கொண்டோம் என்று எழுதினால் ஒரு மார்க் போச்சு. அந்த ஒரு மார்க்கை முதல் தடவை நானும் இழந்தேன். புதன்கிழமை பிராக்டிகல் நடந்தது. நான் தையல்காரர் கடையில் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கிடக்கட்டும், அது செத்துப்போன கதை. உயிரோடு இருக்கிற கதை இதுதான்: அஞ்சல் வழியில் சேர்ந்து ஆறு வருஷம், எல்லாத் தாளும் முடிந்தது, இந்த ஒன்றைத் தவிர. ஆறு வருஷம்தான் பதிவு செல்லும். இன்றோடு சரி. இன்று போனால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து சேரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்கள், மரியாதையாக, ‘அன்புள்ள மாணவரே’ என்று. பாஸுக்கு நாற்பது வேண்டும். முதல் தடவை முப்பத்தேழு. இரண்டாவது தடவை முப்பத்தெட்டு. இரண்டு புள்ளி கையில் இருந்தால் அதன் வழியாக ஒரு நேர்கோடு போட்டே தீருவேன், அது என் வியாதி. கோட்டை நீட்டினால் மூன்றாவது தடவை முப்பத்தொன்பது வருகிறது. ராத்திரி பூராவும் அந்த முப்பத்தொன்பது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டே புள்ளியை வைத்துக் கோடு போடுவது முட்டாள்தனம் என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது. வயிறு கோட்டை நம்புகிறது. காலையில் தேங்காயை உடைத்து வைத்துவிட்டு அதைத் துருவாமல் நின்றுகொண்டே இருந்தது அதனால்தான், சோம்பேறித்தனத்தால் இல்லை. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? “முப்பத்தொன்பதை நினைச்சுப் பயந்துக்கிட்டிருந்தேங்க, அதான் சட்னி அரைக்கலை” என்றா? ஞாயிறு பூசைக்கும் வரவில்லை என்று வேறு முகம். நேற்றுச் சாயந்தரமே பூசை கண்டுவிட்டேன், இவர் அப்போது டிவியில் கிரிக்கெட் கண்டுகொண்டிருந்தார்.

இதுவரைக்கும் எழுதியதற்கு மார்க் போட்டுப் பார்த்துவிட்டேன், கஞ்சத்தனமாகத்தான் போட்டேன், திருத்துகிறவர் என்னைவிடக் கஞ்சனாக இருக்க முடியாது. முப்பத்து மூன்று. இந்தப் பதினெட்டாவது கேள்விக்குப் பத்து. நான் ஏற்கெனவே முடிவு வரைக்கும் எழுதியாகிவிட்டது, அட்டவணை மதிப்பு 2.262, நமக்கு வந்தது 2.12, அதைவிடச் சின்னது, ஆகவே நிராகரிக்க முடியவில்லை, கம்பெனி சொன்னதைப் பொய் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டாயிற்று. கான்வென்டில் சிஸ்டர் எவுலாலியா பழக்கியது, ஒவ்வொரு விடையும் புதுப் பக்கத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி, முடிந்ததும் ஸ்கேலால் கோடு. இரண்டு அடிஷனல் ஷீட் வாங்கிவிட்டேன், இரண்டாவது வாங்கும்போதே அந்தப் பெண், “இவ்ளோ கேப் விட்டு எழுதாதீங்க ஆன்ட்டி, ஷீட்டு பத்தாது” என்று உதட்டைச் சுழித்தாள். நாற்பத்தொன்பது வயதில் கையெழுத்துக்குத் திட்டு. அவள் கையெழுத்தை அட்டென்டன்ஸில் பார்த்தேன், கோழி நடந்தது போல. சரி, முப்பத்து மூன்றும் பத்தும் நாற்பத்து மூன்று, எழுந்து கொடுத்துவிட்டுப் போகலாம், போகிற வழியில் கொத்தமல்லி வாங்கலாம், சாயந்தரத்துக்குச் சட்னி அரைத்து முகத்துக்கு நேரே வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே, சும்மா, பொழுது போகாமல், தமிழில் இருந்த கேள்வியைப் படித்தேன். ‘பெட்டியில் குச்சிகள் குறைவாக உள்ளன என்று வாடிக்கையாளர்கள் புகார் கூறுகின்றனர். அப்புகாரைச் சோதிக்க.’

குறைவாக. குறைவாக என்று போட்டிருக்கிறது. இங்கிலீஷிலும் இருக்கிறது, இதோ, கண்ணுக்கு நேரே, அரை மணி நேரத்துக்கு முன்னால் இதை என் கண் எங்கே வைத்திருந்தது? ஐம்பதிலிருந்து மாறுபடுகிறதா என்று கேட்கவில்லை, குறைகிறதா என்று கேட்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பார்க்க வேண்டிய சோதனையை நான் இரண்டு பக்கமும் பார்த்து வைத்திருக்கிறேன். போன தடவையும் இதேதான். இதேதான்! விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேனே, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘ஒன் டெய்ல்’, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. அந்த மூன்று ஆச்சரியக்குறியைப் பார்த்து ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தேன். ஆறு மாசம் கழித்து அதே குழியில் அதே காலை விட்டிருக்கிறேன். தீப்பெட்டியில் குச்சி கூடுதலாக இருக்கிறதென்று உலகத்தில் எந்தப் பொம்பளை புகார் சொல்வாள்? புகார் என்றாலே ஒரு பக்கம்தான். எனக்குத் தெரியாதா? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் வீட்டில் இருபத்தொன்பது வருஷமாக நடக்கிறதே, என்றாவது இவர் தட்டைப் பார்த்து, இன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறதே, ஏன் என்று விசாரித்திருக்கிறாரா? உப்பு குறைந்ததா, சட்னி குறைந்ததா, சட்டையில் பட்டன் குறைந்ததா. குறைந்தால் புகார். கூடினால் அது எந்தக் கணக்கிலும் வராது, அந்தப் பக்கத்துக்கு அட்டவணையே கிடையாது. அதே சோதனைக்குத் தினமும் காலையில் உட்காருகிறவள், தாளில் வந்ததும் பெரிய மனுஷி மாதிரி இரண்டு பக்கமும் நியாயம் பார்த்திருக்கிறேன்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. ஒரு மணிக்குத் தாளை வாங்கிவிடுவார்கள். மறுபடியும் கணக்கு. இப்படியே விட்டால் ஹைபாதிசிஸ் தப்பு, அட்டவணை தப்பு, முடிவு தப்பு, நடுவில் கூட்டல் கழித்தலுக்கு மூன்று போடுவார், முப்பத்தாறு. ஹைபாதிசிஸை மட்டும் திருத்தினால் இரண்டு கூடும், முப்பத்தெட்டு. மறுபடியும் முப்பத்தெட்டு! அட்டவணை எண் வேண்டும், ஒரு பக்கத்துக்கு உரிய எண், அது இருந்தால்தான் முடிவு எழுதலாம். 2.262 இருந்த அதே வரிசையில் பக்கத்துப் பத்தியில் இருக்கும். ஒன்பதாவது வரிசை. புத்தகம் பதினொன்றே முக்காலுக்கு என் கையில் இருந்தது, ஐந்து நிமிஷம் இருந்தது. ஹாலுக்கு ஒரே ஒரு அட்டவணைப் புத்தகம்தான், சொந்தப் புத்தகம் கொண்டுவரக் கூடாது, ஆறு பேரும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். பார்த்தேன், 2.262 எழுதிக்கொண்டேன், முன்னால் இருந்த பெண்ணுக்குக் கொடுத்தேன், அவள் பச்சைச் சட்டைக்குக் கொடுத்தாள், பச்சைச் சட்டையோடு அது குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. கையை உயர்த்தினேன். “மிஸ், டேபிள் புக்.” “சார், அந்த ஆன்ட்டி கேட்கறாங்க.” “ஒரு நிமிஷம் மேடம், இந்தா முடிச்சிட்டேன்” என்றார் திரும்பாமலே. புத்தகம் முழங்கைக்குக் கீழே. ஆண்களுடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டிருக்கிறேன். ஆறு நிமிஷம் ஆனது. மறுபடியும், “சார், ஒரே ஒரு நம்பர்தான்.” அவர் முழங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வைத்துக்கொண்டார், புத்தகத்துக்குக் குளிருகிற மாதிரி. சூப்பர்வைசர் பெண் வாசலுக்குப் போய் அடுத்த அறை சூப்பர்வைசரோடு பேச ஆரம்பித்தாள், யாருக்கோ வளைகாப்பாம், புடவை பச்சையா மெரூனா என்று.

நினைவிலிருந்து எடுக்கலாம். ஒன்பதாவது வரிசை கண்ணில் நிற்கிறது, ஐந்து நிமிஷம் பார்த்ததுதானே, பக்கத்துப் பத்தியில் ஒன்று புள்ளி எட்டு மூன்று மூன்று. இல்லை, ஒன்று புள்ளி மூன்று எட்டு மூன்று. இரண்டும் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்துக் கேலி செய்கிற இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் அந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, 1.383, 1.833, எது எந்தத் தலைப்புக்குக் கீழே? எது ஐந்து சதவீதம், எது பத்து? எனக்கு வேண்டியது ஐந்து. எதைப் போட்டாலும் 2.12 பெரியது, எதைப் போட்டாலும் புகார் உண்மை, குச்சி குறைகிறது. ஆனால் தப்பான எண்ணைப் போட்டால் அதற்கு இரண்டு மார்க் போகும், அதைப் பார்த்து முடிவுக்கான மூன்றையும் வெட்டிவிடுவான், அந்த ஆச்சரியக்குறிக்காரன் வெட்டத்தான் வெட்டுவான். ஊகித்துப் போடலாமே என்றால், போடலாம், பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுகிற மாதிரி. ஆனால் எனக்குச் சுண்ட மனசில்லை. மாப்பிள்ளை நல்லவராகத்தான் இருப்பார், அப்புறம் படிக்கவிடுவார்கள், முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் நேரம் கிடைக்கும், எல்லாம் சுண்டிப் போட்டதுதான், சில சமயம் தலை விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை, கெட்ட மனிதர் இல்லை, காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், கட்டி கட்டியாக இருந்தாலும் வைப்பார். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதுதான் என்று தெரிந்து ஒரு எண்ணை எழுதிவிட்டு எழுந்து போக வேண்டும். அதற்குத்தான் வாட்ச்மேன் அண்ணே, அதற்குத்தான். இப்போது வருகிறது பதில், நீங்கள் கேட்டு மூன்று மணி நேரம் கழித்து.

யோசி. கத்தாமல் யோசி. புத்தகம் இல்லாவிட்டால் என்ன, புத்தகத்தை எழுதினவனும் யோசித்துத்தானே எழுதினான். ஆயிரம் பெட்டி பிரித்துப் பார்த்திருந்தால் இது சாதாரண நார்மல் கணக்கு, ஐந்து சதவீதத்துக்கு ஒரு பக்கம் 1.645, அது எனக்கு என் வீட்டுக் கதவு எண்ணைப் போலத் தெரியும். ஆயிரம் பார்த்தவன் 1.645-ஐத் தாண்டினால் போதும், அவன் பேச்சை உலகம் நம்பும். பத்தே பெட்டி பார்த்தவளை அவ்வளவு சுலபமாக நம்பமாட்டார்கள். கொஞ்சமாகத் தெரிந்தவள் அதிகமாகத் தாண்டிக் காட்ட வேண்டும், டி டெஸ்ட்டின் சாரமே அந்த ஓரவஞ்சனைதான், அதனால் அவளுக்கு வைக்கிற தடை 1.645-ஐவிட உயரமாகத்தான் இருக்க முடியும், குறைவாக இருக்கவே முடியாது. 1.383 அதற்குக் கீழே. அப்படியானால் அது இல்லை. அது இல்லவே இல்லை. 1.833. ஒன்று புள்ளி எட்டு மூன்று மூன்று! எனக்குத் தெரியும். புத்தகத்தைப் பார்த்து இல்லை, மனப்பாடத்தில் இல்லை, தெரியும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, முன்பு ஒரு தடவை இப்படி அடித்தது ஷெரின் முதல் முதலாக நடந்தபோது. பச்சைச் சட்டையாரே, புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குங்கள், எனக்கு வேண்டாம். ஷெரின், இதற்கு ஒரு லைன் கோடு இருக்கிறதா, இருந்தால் அனுப்பு.

மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஸ்கேலை எடுத்து, பழைய விடைக்கு மேலே மூலைக்கு மூலை ஒரே கோடு, கிறுக்கக் கூடாது, சிஸ்டர் எவுலாலியா மேலே இருந்து பார்ப்பார். முழுப் பக்கமும் அடித்தாயிற்று. பக்கத்தைத் திருப்பினேன். திருப்ப ஒன்றும் இல்லை. இதுதான் கடைசிப் பக்கம். ஒவ்வொரு விடையும் புதுப் பக்கத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி, அழகாக, சுத்தமாக, இடமெல்லாம் தாராளமாக விட்டு விட்டு வந்து கடைசியில் எனக்கு எழுத இடம் இல்லை. மேலே, கீழே, ஓரத்தில் எங்கேயாவது நெருக்கலாம் என்றால் முதல் பக்கத்திலேயே கறுப்பு எழுத்தில் போட்டிருக்கிறது, மார்ஜினுக்கு வெளியேயும், முடிந்த விடைகளின் இடையிலும் கீழேயும் எழுதியவை மதிப்பிடப்படமாட்டா. எட்டு வரி போதும். ஆறு வரி போதும். எண் இருக்கிறது, முடிவு இருக்கிறது, புகார் உண்மை என்று எழுதிக் கோடு போடுவதுதான் பாக்கி. எழுந்து போய் மேஜையிலிருந்து எடுத்துவிடலாம், நாலு எட்டு, ஆனால் இடத்தை விட்டு எழுந்தால் தாளைப் பிடுங்கிவிடுவார்கள், காலையில் சூப்பர்வைசர் பெண் இரண்டு தடவை சொன்னாள். கையை உயர்த்தியிருக்கிறேன். வாசலில் வளைகாப்புப் புடவை பச்சையிலிருந்து மெரூனுக்குப் போய் மறுபடியும் பச்சைக்கு வந்துவிட்டது. வீட்டில் ஜெசி என்று ஒரு குரல் வந்தால், அது எந்த அறையிலிருந்து வந்தாலும், இரண்டாவது குரலுக்கு முன்னால் நான் போய் நிற்பேன், கையில் மாவோடு, சோப்போடு, எதுவோடு இருந்தாலும். பத்தாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து நாள் நின்றிருக்கிறேன், லீப் வருஷத்தைச் சேர்க்காமல். கை வலிக்கிறது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு உயர்த்துகிறேன். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

“மிஸ், ஒரு அடிஷனல் ஷீட்.”

“மிஸ், இங்க, அஞ்சாவது பெஞ்சு. ஒரே ஒரு ஷீட்டும்மா.”

“யாராவது அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன், ஒரு ஷீட் கொடுத்தாப் போதும், முழுசா முடிச்சிடுவேன்.”